கூலிங் டவர் புளோடவுனில் ஓடும் ஆர்ஓ அடைத்துக்கொண்டே இருக்கிறது: யுஎஃப் போட்டால் தீருமா?

#1 ஈரோட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு கெமிக்கல் ஆலையில் யூட்டிலிட்டி பார்க்கிறேன். கூலிங் டவரில் குறைவதை ஈடுகட்ட விடும் தண்ணீர் (மேக்கப்) போர்வெல் தண்ணீர்தான். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் கன்சென்ட்டில் (மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி) உள்ள நிபந்தனை. அதனால் டவரில் உப்பு ஏறாமல் இருக்க வெளியேற்றும் தண்ணீரை (புளோடவுன்) ஆர்ஓ (ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்) சவ்வில் ஓட்டி, வடிந்து வரும் நல்ல தண்ணீரை (பெர்மியேட்) டவருக்கே திருப்பிவிட்டு, மிஞ்சும் உப்புத் தண்ணீரை (ரிஜெக்ட்) ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கு அனுப்புகிறோம்.

ஆர்ஓ போட்ட புதிதில் மாதம் ஒரு சிஐபி (சவ்வைக் கழற்றாமல் மருந்து விட்டுக் கழுவுவது) போதும் என்று இருந்தது. இப்போது வாரம் ஒன்று ஆகிவிட்டது. சிஐபி முடிந்த அன்று ஃப்ளோ வருகிறது, நாலைந்து நாளில் மறுபடி படுத்துவிடுகிறது.

விவரம் இதுதான். சுற்றும் தண்ணீர் மணிக்கு 2,000 கன மீட்டர், டவரில் வெப்ப வித்தியாசம் 8 டிகிரி, சிஓசி (மேக்கப்பைப் போல டவர் தண்ணீரில் உப்பு எத்தனை மடங்கு என்பது) 3.5. மேக்கப்பில் டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்பு) 700, மொத்தக் கடினத்தன்மை 260, சிலிக்கா 40 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). ஆர்ஓவில் 12 எலிமென்ட் (சவ்வுச் சுருள்): அவற்றை வைக்கும் வெசல் முதல் ஸ்டேஜில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று. ரிக்கவரி (உள்ளே போவதில் நல்ல தண்ணீராக வருவது) 70 சதவீதம். முன்னால் பிஏசி (அழுக்கைத் திரட்டும் அலுமினிய மருந்து) டோசிங், மல்டிமீடியா ஃபில்டர் (மணல் வகை), 5 மைக்ரான் காட்ரிட்ஜ் ஃபில்டர்.

ஆர்ஓவுக்கு முன்னால் யுஎஃப் (நுண்துகளை வடிக்கும் சவ்வு) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேனேஜ்மென்ட்டிடம் சொல்லியிருக்கிறார்கள், கொட்டேஷனும் வந்துவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

#2 சவ்வுக்கடை

நான் மெம்பிரேன் விற்கும் பக்கம் இருக்கிறவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டவர் புளோடவுன் மாதிரி அழுக்குத் தண்ணீருக்கு மல்டிமீடியா ஃபில்டர் எந்தக் காலத்திலும் போதாது. டவர் என்பது காற்றைக் கழுவும் மெஷின். ஊர்த் தூசி முழுவதும் அதற்குள்தான் வந்து விழும். யுஎஃப் போட்டால் எஸ்டிஐ (தண்ணீர் சவ்வை எவ்வளவு அடைக்கும் என்ற அளவு) 3-க்குக் கீழே நிற்கும். கூடவே ஃபீட் ஸ்பேசர் (சவ்வுகளுக்கு நடுவே தண்ணீர் போக வழிவிடும் வலை) அகலமான எலிமென்ட்டுக்கு மாறிவிடுங்கள். பாதித் தலைவலி போய்விடும்.

#3 பழையகொதிகலன்

தம்பி, கொட்டேஷனை இரண்டு நாள் டிராயரில் வையுங்கள். டிஃபரென்ஷியல் பிரஷர் (டிபி, உள்ளே போகும் இடத்துக்கும் வெளியே வரும் இடத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) எந்த ஸ்டேஜில் ஏறுகிறது? ஃப்ளோ எந்த ஸ்டேஜில் குறைகிறது? உப்பு கசிவது கூடியிருக்கிறதா? இந்த மூன்றும் தெரியாமல் யார் மருந்து சொன்னாலும் அது குத்துமதிப்புதான். அழுக்கும் கிருமிப் பாசியும் முதல் ஸ்டேஜின் வாயிலில் உட்காரும். கரைந்திருந்த உப்பு படிவது கடைசி ஸ்டேஜின் வாலில். இடத்தை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

#4 ஈரோட்டுக்காரன்

நன்றி சார். ஷிஃப்ட் ஷீட்டிலிருந்து எடுத்தது: முதல் ஸ்டேஜ் டிபி 1.2 பாரிலிருந்து 2.1 வரை ஏறுகிறது. இரண்டாவதில் 1.0-லிருந்து 1.3 தான். ஆனால் பெர்மியேட் குறைவது பெரும்பாலும் இரண்டாவது ஸ்டேஜில். அங்கேதான் கண்டக்டிவிட்டியும் (உப்பு கசிவதைக் காட்டும் அளவு) கூடிக்கொண்டே வருகிறது. இரண்டு பக்கமும் அடி விழுகிற மாதிரி இருக்கிறதே?

#5 லேப்மல்லி

இரண்டு பக்கமும்தான் அடி. தண்ணீர் லேபில் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி கேஸ் அடிக்கடி வரும். காசு செலவில்லாமல் மூன்று விஷயம் பாருங்கள்.

எஸ்டிஐ எடுத்த 0.45 மைக்ரான் பேப்பரைத் தூக்கிப் போடாமல் காய வையுங்கள். செம்பழுப்பாக இருந்தால் இரும்பு. பச்சையாக, தொட்டால் வழுக்கினால் பாசி. வெள்ளையாகப் பவுடர் பூசின மாதிரி இருந்தால் பிஏசியின் அலுமினியமோ சிலிக்காவோ.

அடுத்து ஷட்டவுனில் முதல் வெசலின் ஃபீட் பக்க மூடியைத் திறந்து விரலை வைத்துப் பாருங்கள். கொழகொழப்பும் நாற்றமும் இருந்தால் பயோஃபிலிம் (கிருமிப் படலம்), சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது, இரண்டாம் ஸ்டேஜின் கடைசி எலிமென்ட்டை வெளியே எடுத்து, தண்ணீரை வடியவிட்டு எடை போடுங்கள். முதல் ஸ்டேஜ் எலிமென்ட்டையும் அதே மாதிரி எடை போட்டு ஒப்பிடுங்கள். முனையில் படிந்திருப்பதைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் கால்சியம் கார்பனேட், சிஐபியில் போய்விடும். நுரைக்காமல் அப்படியே கிடந்தால் சிலிக்காவோ கால்சியம் சல்பேட்டோ. அது லேசில் போகாது.

#6 ஈரோட்டுக்காரன்

அக்கா சொன்ன மூன்றையும் பார்த்துவிட்டோம். பேப்பர் வெள்ளையும் வெளிர்ப் பழுப்புமாக இருக்கிறது. முதல் வெசல் மூடிக்குள் கஞ்சி மாதிரி கொழகொழப்பு, ஃபிட்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போய்விட்டார். கடைசி எலிமென்ட் கையில் தூக்கும்போதே கனம் தெரிகிறது. சுரண்டியதில் ஆசிட் விட்டோம், ஒரு குமிழி கூட வரவில்லை.

#7 பழையகொதிகலன்

இனி பேச விஷயம் இருக்கிறது. கொழகொழப்பை அப்புறம் பார்ப்போம். அதற்கு வைத்தியம் உண்டு. முதலில் வால் பக்கம். இது கணக்கு, பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

டவரில் ஆவியாகிப் போகும் தண்ணீர் = 0.00153 × சுற்றும் அளவு × வெப்ப வித்தியாசம். உங்களுக்கு 0.00153 × 2,000 × 8, அதாவது மணிக்கு 24.5 கன மீட்டர். புளோடவுன் = ஆவி ÷ (சிஓசி – 1). 24.5-ஐ 2.5-ஆல் வகுத்தால் 9.8. மேக்கப் இரண்டும் சேர்ந்து 34.3. நீங்கள் சொன்ன சைஸோடு ஒத்துப்போகிறது.

இப்போது சிலிக்கா. மேக்கப்பில் 40, டவரில் மூன்றரை மடங்கு, ஆக 140. டவரில் சிலிக்காவை 150-க்கு மேல் விடக்கூடாது என்று உங்கள் கெமிக்கல்காரர் சொல்லியிருப்பார், அதனால்தான் சிஓசியை 3.5-இல் நிறுத்தியிருக்கிறீர்கள். சரி. அந்த 140-ஐ ஆர்ஓவுக்குள் விட்டு 70 சதவீதத்தை நல்ல தண்ணீராக எடுத்துவிட்டால், மீதி 30 சதவீதத் தண்ணீரில் எவ்வளவு இருக்கும்? 140 ÷ 0.3 = 467 பிபிஎம்.

25 டிகிரியில், நடுநிலை பிஎச்சில், சிலிக்கா கரைந்து நிற்பது சுமார் 120 பிபிஎம்தான். சூட்டில் கொஞ்சம் கூடும். நீங்கள் அதைப் போல மூன்று நான்கு மடங்கு ஏற்றப் பார்க்கிறீர்கள். படியாமல் என்ன செய்யும்? இதற்கு யுஎஃப் போட்டு என்ன பயன்? கரைந்த சிலிக்கா யுஎஃப் ஓட்டை வழியாகச் சுகமாகப் போய்விடும். எலிமென்ட்டுக்குள் போய்க் கெட்டியான பிறகுதான் அது அழுக்கு.

#8 சவ்வுக்கடை

கணக்கு சரி சார், ஆனால் சிலிக்காவுக்கென்றே ஆன்டிஸ்கேலன்ட் (படியாமல் தடுக்கும் மருந்து) இருக்கிறதே. 120 என்பது பாடப்புத்தக எண். நல்ல டிஸ்பர்சன்ட் போட்டு 200-க்கு மேல் ஓட்டுகிற பிளான்ட்டுகள் நிறைய.

#9 நொய்யல்கரை

200 வரை நானும் ஒப்புக்கொள்கிறேன். 467-க்கு எந்த மருந்தும் கிடையாது. அதுவும் அவர் தண்ணீரில் பிஏசியிலிருந்து தப்பி வந்த அலுமினியம் இருக்கிறது. அலுமினியமோ இரும்போ கொஞ்சம் இருந்தாலே சிலிக்கா அதோடு சேர்ந்து சீக்கிரம் விழும், ஆன்டிஸ்கேலன்ட் கையை விரித்துவிடும்.

ஒரு திருத்தம். பெர்மியேட் டவருக்கே திரும்புகிறது என்றார் அல்லவா? அதையும் சேர்த்தால் போர்வெல் மேக்கப் 34-லிருந்து 27.4 ஆகக் குறையும், உள்ளே வரும் சிலிக்காவும் குறையும். டவரில் 112-ம் ரிஜெக்டில் 373-ம் நிற்கும். 467 இல்லை, 373. ஆனாலும் முடிவு ஒன்றுதான்.

நான் திருப்பூரில் சாயக் கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்ன பிறகு, ரிக்கவரியை எப்படியாவது ஏற்றினால் போதும் என்று எல்லாரும் ஓடினோம். ரிஜெக்டில் ஏறிய சிலிக்காவும் கடினத்தன்மையும் கடைசியில் எவாப்பரேட்டர் டியூபுக்குள்தான் போய் உட்கார்ந்தன. ஆர்ஓவில் படிந்தால் எலிமென்ட் மாற்றலாம். டியூபில் கண்ணாடி மாதிரி படிந்துவிட்டால் ஜெட் வைத்து உடைக்க வேண்டும். நீராவிச் செலவு வேறு. எவாப்பரேட்டரில் மூன்று எஃபெக்ட் (அடுக்கு) வைத்தாலும் ஒரு டன் நீராவிக்கு இரண்டரை டன் தண்ணீர் போனால் பெரிது.

#10 ஈரோட்டுக்காரன்

தலை சுற்றுகிறது. சரி, அப்படியானால் ஆர்ஓவை புளோடவுனிலிருந்து கழற்றி மேக்கப்பில் வைத்துவிட்டால்? போர்வெல் தண்ணீரில் 40 தானே. டவருக்கு நல்ல தண்ணீர் போகும், சிஓசியை 10 வரை ஏற்றலாம், புளோடவுன் 2.7-க்கு வந்துவிடும். எங்கள் புராஜெக்ட் டீமில் ஒருவர் இதைத்தான் சொல்கிறார்.

#11 பழையகொதிகலன்

நல்ல கேள்வி. நிறைய ஆலைகளில் இதைச் செய்துவிட்டு, கழிவுநீர் ஏன் குறையவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள்.

சிஓசி 10 என்றால் டவருக்கு 27.2 கன மீட்டர் மேக்கப் வேண்டும். 70 சதவீத ரிக்கவரியில் அதற்கு 38.9 போர்வெல் தண்ணீர் ஆர்ஓவுக்குள் போக வேண்டும். ரிஜெக்ட் 11.7. ஆர்ஓ இல்லாமல் உங்கள் புளோடவுனே 9.8 தானே? போர்வெல்லிலிருந்து எடுப்பதும் கூடிவிட்டது, வெளியே தள்ளுவதும் கூடிவிட்டது. மெம்பிரேன் நன்றாக ஓடும், ரிஜெக்டில் சிலிக்கா 133 தான் என்பது ஒன்றே லாபம். அந்தச் சுத்தத் தண்ணீர் டவருக்கு முழுதாக நல்லதும் இல்லை. கடினத்தன்மையே இல்லாத தண்ணீர் இரும்பை அரிக்கும், கால்வனைஸ் செய்த டவர் என்றால் வெள்ளைத் துரு பிடிக்கும். கொஞ்சம் போர்வெல் தண்ணீர் கலந்துதான் விட வேண்டும்.

இதற்குள் இருக்கும் விஷயத்தைப் பாருங்கள். சிலிக்கா ஆவியாகாது. உள்ளே வந்தது அத்தனையும் ஏதோ ஒரு குழாய் வழியாக வெளியே போயாக வேண்டும். ஆர்ஓவைச் சேர்க்காத இன்றைய கணக்கில் 34.3 கன மீட்டர், கன மீட்டருக்கு 40 கிராம். மணிக்கு 1,372 கிராம், நாளுக்கு 33 கிலோ. வெளியே போகும் தண்ணீர் 150 பிபிஎம்தான் தாங்கும் என்றால், கழிவு எவ்வளவு? அதை ‘க’ என்று வையுங்கள். (24.5 + க) × 40 = க × 150. க = 8.9.

ஆர்ஓவை முன்னால் வையுங்கள், பின்னால் வையுங்கள், நடுவில் வையுங்கள். சிலிக்காவைத் தனியாக எடுக்காதவரை மணிக்கு 8.9-க்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. மெம்பிரேன் சிலிக்காவை நீக்குவதில்லை, ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். நீங்கள் வாராவாரம் சிஐபியில் கழுவுவது இந்தக் கணக்கில் துண்டு விழும் சிலிக்காவைத்தான்.

#12 ஜுபைல்தமிழன்

குறுக்கே ஒரு வார்த்தை. நாங்கள் இங்கே சவூதியின் ஜுபைலில் கடல் தண்ணீரிலேயே கூலிங் டவர் ஓட்டுகிறோம். சிஓசி 1.3, 1.5 என்றுதான் ஓடும், புளோடவுன் ஆறு மாதிரி போகும், நேராகக் கடலுக்கு. அதைப் பார்த்துப் பழகிவிட்டு ஊருக்கு வந்தால் மணிக்கு 9 கன மீட்டருக்கு இவ்வளவு மல்லுக்கட்டா என்று தோன்றும். கடல் இல்லாத ஊரில் பிறந்த தண்ணீருக்குத்தான் எத்தனை கஷ்டம்!

#13 மணலிவாசி

ஜுபைல் அண்ணே, இங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிற நாங்களும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். :)

கணக்கில் 40 என்ற எண்ணையே குறைத்தால் என்ன? ஈரோடு, நாமக்கல் பக்கம் கருங்கல் பாறைக்குள் கிடந்து வரும் தண்ணீர், சிலிக்கா இருக்கத்தான் செய்யும். மூலத்தை மாற்றுங்கள். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலேயே சென்னையின் சாக்கடைத் தண்ணீரை வாங்கிச் சுத்தம் செய்து ஓட்டத் தொடங்கிவிட்டன. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் குடிநீர் வாரியம் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் ஆர்ஓ வரை சுத்தம் செய்யும் நிலையங்களைத் திறந்தது. கொடுங்கையூர்த் தண்ணீர் மணலிப் பக்கம் வருகிறது, கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை போகிறது.

உங்களுக்கு அந்தக் குழாய் வராது, தெரியும். ஆனால் ஆலைக்குள்ளேயே பாருங்கள். நீராவி ஆறிக் கிடைக்கும் தண்ணீர் (கண்டன்சேட்) எங்கேயாவது சாக்கடைக்குப் போகிறதா? எவாப்பரேட்டர் கண்டன்சேட் என்ன ஆகிறது? கூரை மழைநீர்? 34 கன மீட்டரில் 8 கன மீட்டர் சிலிக்கா இல்லாத தண்ணீர் கலந்தாலே சராசரி 40-லிருந்து 31-க்கு வந்துவிடும். எவாப்பரேட்டர் கண்டன்சேட் என்றால் மட்டும் அமோனியாவும் கரிமப் பொருளும் பார்த்துவிட்டு விடுங்கள். அமோனியா செம்புக் கலவை டியூபை அரிக்கும், போடுகிற குளோரினையும் தின்றுவிடும்.

#14 லேப்மல்லி

மூலத்தை மாற்ற முடிந்தவரை மாற்றுங்கள், மீதிக்கு சிலிக்காவை எடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: சுண்ணாம்பு விட்டுப் படிய வைக்கும் லைம் சாஃப்ட்னர். பிஎச்சை 10.5-க்கு மேல் ஏற்றினால் தண்ணீரில் இருக்கிற மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக விழும். விழும்போது சிலிக்காவைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு விழும். சூடு கூடினால் இன்னும் நன்றாக எடுக்கும். பாய்லர் தண்ணீருக்கு ஒரு காலத்தில் ஹாட் லைம் சாஃப்ட்னர் வைத்தது இதற்காகத்தான்.

போர்வெல் தண்ணீரில் இதைச் செய்வதைவிட புளோடவுனில் செய்வது லாபம். தண்ணீர் அளவு குறைவு, மெக்னீசியமும் மூன்றரை மடங்காக ஏறியிருக்கும். இன்னொன்று, புளோடவுனை எங்கே எடுக்கிறீர்கள்? நிறைய இடங்களில் பம்ப் டெலிவரியில், குளிர்ந்த தண்ணீரில் எடுக்கிறார்கள். டவருக்குத் திரும்பி வரும் சூடான ரிட்டர்ன் லைனில் எடுங்கள். காசில்லாத சூடு, எதற்கு டவரில் ஏற்றி ஆறவிட்டு எடுக்க வேண்டும்?

சிலிக்கா 30-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். ஆர்ஓ 75 சதவீதத்தில் ஓடினாலும் ரிஜெக்டில் 120. கரைந்தே நிற்கும்.

#15 நொய்யல்கரை

அக்கா கணக்கைத் தொடர்கிறேன். ரிஜெக்ட் பயம் போய்விட்டால் டவரில் 150 வரை விடலாம். அப்போது புளோடவுன் மணிக்கு 7 போதும், எவாப்பரேட்டருக்குப் போவது 1.75. ஆர்ஓ இல்லாமல் நாளுக்கு 235 கன மீட்டர் என்று இருந்தது 42-க்கு வந்துவிடும். இப்போதைய டிசைனில் ஆர்ஓ ஒழுங்காக ஓடினாலும் நாளுக்கு 70. சவ்வுக்கடை அண்ணே, இந்த ஒரு கேஸில் யுஎஃப் வியாபாரம் கைநழுவிப் போகிறது போலிருக்கிறதே.

#16 சவ்வுக்கடை

சாஃப்ட்னருக்குப் பிறகு நுண்துகள் தப்பி வரும், அதற்கு யுஎஃப் வேண்டும் என்று நீங்களே வந்து நிற்பீர்கள், பார்க்கலாம். அந்த இடத்தில் யுஎஃப் போட்டால் நானும் ஆதரிப்பேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கடினத்தன்மையை ரெசினில் (அயனி மாற்றும் பிசின்) முழுதாக எடுத்துவிட்டு, கரியமில வாயுவையும் வெளியேற்றி, பிஎச்சை 10-க்கு மேல் வைத்து ஆர்ஓ ஓட்டுவது. அந்த பிஎச்சில் சிலிக்கா அயனியாக மாறிப் பல மடங்கு கரையும், கிருமியும் வளராது, எண்ணெய்ப் பசையும் ஒட்டாது. ஆனால் கடினத்தன்மை ஒரு துளி கசிந்தாலும் அந்த பிஎச்சில் வால் எலிமென்ட் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். ஆபரேட்டர் விழிப்பாக இருக்கும் பிளான்ட்டுக்குத்தான் அது சரிப்படும். காஸ்டிக் சோடாவும் ஆசிடும் வாங்கிக் கட்டுப்படியாக வேண்டும்.

#17 பழையகொதிகலன்

சாஃப்ட்னரில் ஒரு பேய் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டவரில் போடும் பாஸ்போனேட்டும் பாலிமரும் எதற்கு? கால்சியம் படியாமல் தடுக்க. அதே தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டுக் கால்சியத்தைப் படிய வைக்கப் பார்த்தால், அந்த மருந்து அங்கேயும் தன் வேலையைச் செய்யும். பாலாகக் கலங்கி நிற்கும், அடியில் இறங்காது. ஃபெரிக் குளோரைடு கொஞ்சம் முன்னால் விட்டால் பாஸ்போனேட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும். டவர் மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்லி உங்கள் கெமிக்கல்காரரிடமும் பேசுங்கள். கூலிங் டவர் மருந்து ஒருவர், ஆர்ஓ மருந்து இன்னொருவர், கிளாரிஃபையர் (தெளிய வைக்கும் தொட்டி) மருந்து மூன்றாமவர் என்று இருந்தால் ஒருவர் போடுவதை அடுத்தவர் பிடுங்கிக்கொண்டே இருப்பார். பில் மட்டும் மூன்று பேருக்கும் போகும்.

#18 மணலிவாசி

இனி அந்தக் கொழகொழப்பு. ஈரோட்டுக்காரன், டவரில் என்ன கிருமிநாசினி போடுகிறீர்கள்? வாரம் ஒருமுறை ‘நான்-ஆக்சிடைசிங்’ (குளோரின் வகை அல்லாதது) என்று ஒரு கேன் கவிழ்ப்பார்களே, அதில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் பாருங்கள். பென்சல்கோனியம் குளோரைடு மாதிரி குவாட் (குவாட்டர்னரி அமோனியம்) வகையாக இருந்தால் அது நேர்மின் சுமை கொண்டது, பாலிஅமைடு மெம்பிரேன் மேல் ஒட்டிக்கொண்டால் லேசில் வராது. அன்றைக்கு ஆர்ஓவை நிறுத்திவிட்டு, டவரில் அது கரைந்து தீரும்வரை புளோடவுனைத் தனித் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

அடுத்து, ஹைப்போ (குளோரின் மருந்து) போட்ட தண்ணீரில் ஆர்ஓ வாசலில் எஸ்எம்பிஎஸ் (சோடியம் மெட்டாபைசல்ஃபைட்) விட்டுக் குளோரினைக் கொல்கிறீர்கள். 1 பிபிஎம் குளோரினுக்குக் கணக்குப்படி 1.34 போதும், நடைமுறையில் 3 விடுவார்கள். கொன்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மெம்பிரேன் எரிந்துவிடும். ஆனால் அந்தப் புள்ளிக்குப் பிறகு கிருமிக்குக் கொண்டாட்டம். சாப்பாட்டுக்குப் பாஸ்போனேட்டிலிருந்து உடைந்து வந்த பாஸ்பேட் இருக்கிறது, தடுக்க ஒன்றும் இல்லை. காட்ரிட்ஜ் ஹவுசிங்கிலேயே குடும்பம் நடத்தும்.

இதற்கு டிபிஎன்பிஏ என்ற கிருமிநாசினியின் ஷாக் டோஸ் நல்லது, 10 முதல் 30 பிபிஎம் வரை, அரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். ஒரே எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் அதையும் அழித்துவிடும். டோஸ் கொடுக்கும் நேரத்தில் எஸ்எம்பிஎஸ் ஓடக்கூடாது, ஃபீடில் குளோரினும் இருக்கக்கூடாது. ஹைப்போவை முன்கூட்டியே நிறுத்தி, குளோரின் பூஜ்யம் என்று டெஸ்ட் செய்துவிட்டுச் செய்யுங்கள்.

#19 ஈரோட்டுக்காரன்

லேபிளைப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன அதே குவாட்தான். லாக் புக்கையும் ஆர்ஓ ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேன் கவிழ்க்கும் கிழமைக்கு மறுநாள்தான் பெர்மியேட் படிக்கட்டு இறங்குகிற மாதிரி இறங்குகிறது. இத்தனை நாள் யாரும் இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை. டவர் ஒரு டிபார்ட்மென்ட், ஆர்ஓ இன்னொரு டிபார்ட்மென்ட்!

சிஐபியில் ஆசிட் முதலில் போட்டுவிட்டு அப்புறம் காஸ்டிக் போடுகிறோம். அது சரியா?

#20 லேப்மல்லி

உங்கள் கேஸில் தலைகீழ். பயோஃபிலிமும் சிலிக்காவும் இருக்கும்போது ஆசிட் முதலில் போனால் அது இறுகிவிடும். காஸ்டிக் முதலில், பிஎச் 12, சூடு 35 டிகிரி, ஊற வைத்துச் சுற்றவிடுங்கள். பிஎச்சும் சூடும் எவ்வளவு தாங்கும் என்று உங்கள் எலிமென்ட் டேட்டா ஷீட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் ஆசிட். கடைசி எலிமென்ட்டில் கெட்டியான சிலிக்கா இதில் முழுதாக வராது. புளோரைடு கலந்த கிளீனர்கள் இருக்கின்றன, ஆனால் அது ஆளுக்கும் ஆபத்து. அந்த ஒன்றிரண்டு எலிமென்ட்டை மாற்றிவிடுவது மேல்.

#21 நொய்யல்கரை

செலவே இல்லாத இரண்டு விஷயம். ஒன்று, சிஓசியை எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்? குளோரைடு என்றால், ஹைப்போ விடுகிற தண்ணீரில் குளோரைடு தானாகவே ஏறும், சிஓசி பொய்யாகக் கூடுதலாகத் தெரியும். மெக்னீசியம் கடினத்தன்மையை வைத்துப் பாருங்கள்.

இரண்டு, புளோடவுன் வால்வைக் கையால் திறக்கிறீர்களா? நான் பார்த்த ஒரு டவரில் ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் இரண்டு சுற்றுத் திறப்பார், போகிறவர் எவ்வளவு மூடினார் என்பது அவருக்கே தெரியாது. கண்டக்டிவிட்டி மீட்டரோடு இணைத்த ஆட்டோ வால்வு பெரிய செலவில்லை. டவர் அடித்தொட்டி (பேசின்) ஓவர்ஃப்ளோ, பம்ப் கிளாண்ட் ஒழுகல் இதெல்லாமும் புளோடவுன்தான், கணக்கில் வராத புளோடவுன். அதுவும் கடைசியில் உங்கள் கழிவுநீர்த் தொட்டிக்குத்தான் வரும்.

#22 ஈரோட்டுக்காரன்

கையால்தான் சார் திறக்கிறோம். :( சரி, இப்படிச் செய்யப் போகிறேன். குவாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பிஏசியை ஜாடி டெஸ்ட் (பீக்கரில் மருந்து விட்டுப் பார்ப்பது) பார்த்துக் குறைக்கிறோம். ரிட்டர்ன் லைனில் டேப்பிங் போட அடுத்த ஷட்டவுனில் அனுமதி வாங்கியாகிவிட்டது. யுஎஃப் கொட்டேஷனை நிறுத்தி வைத்திருக்கிறேன். மேனேஜ்மென்ட் முகம் சுளித்தது, 33 கிலோ கணக்கைக் காட்டியதும் உட்கார்ந்து கேட்டார்கள்.

சாஃப்ட்னர் வரும்வரை ஆர்ஓவை என்ன செய்ய? நிறுத்திவிடவா?

#23 பழையகொதிகலன்

நிறுத்த வேண்டாம். ரிக்கவரியை 45 சதவீதத்துக்கு இறக்குங்கள். அப்போது ரிஜெக்ட் மணிக்கு 5.4, அதில் சிலிக்கா 220 பக்கம் நிற்கும். சவ்வுக்கடை சொல்லும் ஆன்டிஸ்கேலன்ட் அதைத் தாங்கும், ஃபீடில் அலுமினியம் இல்லாமல் பார்த்துக்கொண்டால். எவாப்பரேட்டருக்குச் சுமை கூடும்தான். வாராவாரம் சிஐபி செய்கிற மருந்து, அதைக் கழுவிய தண்ணீர், நிறுத்தி வைக்கும் நேரம் எல்லாம் அந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

#24 சவ்வுக்கடை

45-க்கு இறக்கும்போது பம்ப் ஃப்ளோவையும் கான்சென்ட்ரேட் (ரிஜெக்ட்) வால்வையும் சேர்த்துப் பார்த்து மாற்றுங்கள். ஒரு எலிமென்ட் வழியாகப் போகும் தண்ணீர் டேட்டா ஷீட் அளவைத் தாண்டக் கூடாது. ஆன்டிஸ்கேலன்ட் அளவு நான் கணக்குப் போட்டுத் தருகிறேன், தண்ணீர் ரிப்போர்ட்டைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். யுஎஃப் விற்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

#25 ஈரோட்டுக்காரன்

அனுப்பிவிட்டேன் அண்ணே. கடைசியாக ஒன்று: சுண்ணாம்புச் சேறு எவ்வளவு வரும்? ஜாடி டெஸ்ட் எப்படிச் செய்வது?

#26 லேப்மல்லி

சேறு நிறைய வரும், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 260 கடினத்தன்மை மூன்றரை மடங்கில் 910. நாளுக்கு 235 கன மீட்டர் புளோடவுன் முழுவதையும் சாஃப்ட்னரில் விட்டால், போடும் சுண்ணாம்பும் சேர்ந்து உலர் எடையில் 300 கிலோவுக்குக் குறையாது. புளோடவுன் 7-க்கு வந்த பிறகும் கடினத்தன்மையின் எடை பெரிதாக மாறாது, தண்ணீர்தான் குறையும். ஃபில்டர் பிரஸ்ஸும் சேற்றை வைக்க இடமும் இப்போதே பிளானில் போடுங்கள். பின்னால் யோசித்தால் சேறு கேட்டில் நிற்கும்.

ஜாடி டெஸ்ட்டுக்கு ரிட்டர்ன் லைனில் சூடாகப் பிடித்த தண்ணீரை ஒரு லிட்டர் பீக்கர் மூன்றில் எடுங்கள். சுண்ணாம்புப் பால் விட்டு பிஎச் 10, 10.5, 11 என்று நிறுத்துங்கள். இன்னும் மூன்று பீக்கரில் முதலில் ஃபெரிக் குளோரைடு விட்டு அதையே செய்யுங்கள். வேகமாகக் கலக்கி, மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். எது தெளிகிறது, எது பாலாக நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும். மேல்தண்ணீரை 0.45 மைக்ரான் பேப்பரில் வடித்து சிலிக்கா, மெக்னீசியம், கால்சியம் மூன்றும் பாருங்கள். சிலிக்கா பார்க்கும் மாலிப்டேட் டெஸ்ட் கரைந்த சிலிக்காவை மட்டும்தான் காட்டும், கூழ்ம சிலிக்காவைக் காட்டாது. ஒரு சாம்பிளை வெளி லேபில் மொத்த சிலிக்காவுக்கும் கொடுத்துவிடுங்கள்.

பிளான்ட்டில் ஓட்டும்போது சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரின் பிஎச்சை ஃபில்டருக்கு முன்னாலேயே ஆசிட் விட்டு இறக்கிவிட வேண்டும். மறந்தால் மீடியா முழுவதும் கெட்டியாகி, கடப்பாரை வைத்துத்தான் உடைக்க வேண்டியிருக்கும். ரிசல்ட் வந்ததும் ஆறு பீக்கரின் எண்களையும் இங்கேயே போடுங்கள்.